ஓட்டுநர் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



லாரி ஓட்டும் தோழர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். செம்பனைக் குலை ஏற்றிச் சென்று ஆலை வாசலில் இரண்டு மணி, மூன்று மணி நேரம் வரிசையில் கிடக்கிறோமே, அந்த நேரம் கணக்கில் ஏறுமா, ஏறாதா என்பதே கேள்வி. "வண்டி ஓடினால்தானே வேலை? நின்ற நேரத்துக்கு எதற்குக் காசு?" என்று மேலிடத்தில் பதில் கிடைத்ததாம்.

இந்தப் பதில் சட்டத்தில் இல்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு வேலை நேரம் என்றால் என்ன என்று சொல்கிறது. தொழிலாளி முதலாளியின் ஏவலுக்குக் காத்து நிற்கும் நேரம், தன் பொழுதையும் தன் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம், அதுவே வேலை நேரம். கை அசைந்ததா, சக்கரம் உருண்டதா என்று சட்டம் கேட்கவில்லை.

இனி நீங்களே சொல்லுங்கள். முன்னால் உள்ள வண்டி பத்தடி நகர்ந்தால் நம் வண்டியும் நகர வேண்டும். நகராவிட்டால் பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்தே காதைச் செவிடாக்கிவிடுவான். பல டன் குலைக்கு ஓட்டுநரே பொறுப்பு. இருக்கையில் சாய்ந்து கண்ணயர்ந்தாலும் அவர் வீட்டில் தூங்கவில்லை. இரவுக் காவற்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் இல்லை என்று யாராவது சொல்வதுண்டா?

வரிசை ஏன் நீள்கிறது? வெட்டிய பழத்தைப் போட்டு வைக்க முடியாது. நாளானால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் குறையும். ஆகவே விளைச்சல் மிகுந்த மாதங்களில் எல்லாத் தோட்டங்களும் ஒரே ஆலைக்கு வண்டிகளை விரட்டுகின்றன. தாமதம் தொழிலின் ஏற்பாட்டில் பிறப்பது. அதன் நட்டத்தை ஓட்டுநரின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். "பன்னிரண்டு மணி வரை உன் வண்டிக்கு வேலை இல்லை, எங்கே வேண்டுமானாலும் போய் வா" என்று உண்மையாகவே விடுவித்தால், அந்த இடைவேளை வேலை நேரமல்ல. அதையும் சேர்த்து எழுதினால் நம் கணக்கு பொய்க் கணக்காகிவிடும். ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அரைமணியாவது ஓய்வு தர வேண்டும் என்பது சட்டம். சாப்பாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது ஓய்வாகாது.

விடுவித்தாலும் ஒரு காப்பு உண்டு. இதைப் பலர் அறியார். அன்றைய வேலை தொடக்கத்திலிருந்து பத்து மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். காலை 6க்குத் தொடங்கியவரைப் பகல் 11 முதல் 2 வரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு மாலை 6 வரை ஓட்டச் சொன்னால், வேலை என்னவோ ஒன்பது மணி நேரந்தான். ஆனால் பத்து மணி நேரக் கெடு மாலை 4க்கே முடிகிறது. 4 முதல் 6 வரை முழுவதும் ஓவர்டைம்.

நடை ஒன்றுக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசியிருக்கிறதே, ஓவர்டைம் எப்படி என்பார்கள். சம்பளத்தை எந்த அடிப்படையில் பேசியிருந்தாலும் ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. மாதச் சம்பளம் 2,080 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 26ஆல் வகுத்தால் நாளுக்கு 80. எட்டு மணி நேர வேலைக்கு மணிக்கு 10. ஓவர்டைம் மணிக்கு 15 வெள்ளி. எட்டு மணிக்கு மேற்பட்ட காத்திருப்பு நாளுக்கு இரண்டு மணி வீதம் 26 நாள் என்றால் 780 வெள்ளி! அது பிள்ளைகளின் பள்ளி பஸ் காசு, வீட்டு வாடகை.

வாரத்திற்கு 48 மணி என்றிருந்த வரம்பு 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து 45 ஆகிவிட்டது. பழைய கணக்கையே சொல்லி ஏமாற்ற இடங்கொடாதீர்கள். "நீ தொழிலாளியல்ல, குத்தகைக்காரன்" என்று சொல்வதும் முன்போல் எளிதல்ல. வேலை நேரத்தையோ வேலை முறையையோ பிறர் கட்டுப்படுத்தினால், மறுத்து நிரூபிக்கும் வரை அவர் தொழிலாளி என்றே கொள்ள வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. சொந்த லாரி வைத்துச் சொந்தப் பொறுப்பில் ஓட்டுபவர் கதை வேறு.

பால்வெட்டும் தோழர்களே, இது லாரிக்காரர் விவகாரம் என்று எழுந்து போய்விடாதீர்கள். பால் நிறுக்கும் கொட்டகையில் நீங்கள் நிற்கும் நேரத்தையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

வாய்ப்பேச்சு தொழிலாளர் அலுவலகத்தில் எடுபடாது. ஆலை எடைச்சீட்டில் வண்டி நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் அச்சாகியிருந்தால், அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் சீட்டு ஆபீசுக்குப் போய்விடும். கொடுக்கும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் சேர்ந்த நேரம் அச்சில் வராது. அதை ஒரு சின்ன நோட்டில் அன்றன்றே எழுதுங்கள், மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுத வேண்டாம். கூட்டல் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என் வீட்டுக்கு வரலாம். இரண்டு மாதக் கணக்கு சேர்ந்ததும் கிளைச் செயலாளர் மூலம் முதலில் நிர்வாகத்துக்கு எழுதுவோம். பதில் இல்லையென்றால் அதே நோட்டுகளோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவோம்.