விளக்கு ஏன் மினுக்குகிறது?

(இனயத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



வீட்டில் பல்பு மினுக்கினால் கண்ணேறு பட்டுவிட்டதென்று எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்கள் இருக்கின்றார்கள். கடைக்கு ஓடிப் புதுப் பல்பு வாங்குகிறவர்களும் இருக்கின்றார்கள். இருவருமே காரணத்தைத் தேடவில்லை யென்பதால் இருவரையும் நாம் ஒன்றாகவே கருதுகின்றோம்.

நடுக்கடலில் வள்ளத்தின் இஞ்சின் நின்றால் நீங்கள் என்ன செய்கின்றீர்கள்? எண்ணெய் இருக்கிறதா, குழாய் அடைத்திருக்கிறதா, பிளக்கு பொறி விடுகிறதா என்று வரிசையாய்ப் பார்க்கின்றீர்கள். அந்த அறிவைக் கடலிலேயே விட்டுவிட்டு வீடு திரும்புவானேன் என்றுதான் கேட்கின்றோம்.

முதலாவது, மினுக்குவது ஒரு விளக்கா, வீடு முழுவதுமா என்று பாருங்கள். எல்லா விளக்குகளும் திடீரென்று மங்கியோ, அளவுக்கு மீறிப் பிரகாசித்தோ எரிந்தால் நியூட்ரல் கம்பி எங்கேயோ தளர்ந்திருக்கக் கூடும். உடனே மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். எவரும் கம்பத்தில் ஏறக் கூடாது.

இரண்டாவது, ஒரு விளக்கு மட்டுமென்றால், அந்தப் பல்பை ஒழுங்காய் வேலை செய்யும் வேறொரு ஹோல்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் மினுக்கினால் குற்றம் பல்பினுடையது. அங்கே நன்றாய் எரிந்தால் குற்றம் பழைய ஹோல்டரிலோ, சுவிட்சிலோ, ஒயர் இணைப்பிலோ இருக்கிறது. கடற்கரையூரில் உப்புக் காற்றால் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கின்றது. முனைகள் சரியாய்த் தொடாவிட்டால் அங்கே சூடேறிப் பொறி பறந்து ஹோல்டர் கருகும். கருகிய ஹோல்டரைச் சுரண்டி வைத்துக்கொள்ளாமல் மாற்றிவிடுவதே மேல்.

மூன்றாவது, சுவிட்சை நிறுத்திய பின்னும் எல்.இ.டி. பல்பு மங்கலாய் எரிந்தால் பேயென்று பயப்படவும் வேண்டாம், சும்மா இருக்கவும் வேண்டாம். சுவிட்சிலுள்ள சிறு சிவப்பு விளக்கும் இதற்குக் காரணமாகலாம். அல்லது சுவிட்சை ஃபேஸ் கம்பியில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருக்கலாம். அப்படியானால் சுவிட்சை நிறுத்தினாலும் ஹோல்டரில் 230 வோல்ட் இருந்துகொண்டே யிருக்கும். உயிர் போவது இங்கேதான். ஆதலால் ஹோல்டரில் கை வைக்குமுன் மெயினையே நிறுத்தியாக வேண்டும். டெஸ்டர் எரியவில்லை யென்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள், டெஸ்டரே கெட்டிருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி விற்கின்றது. எலுமிச்சம்பழத்துக்குச் செலவிடும் காசை அதற்குச் சேர்த்து வையுங்கள்.

2017 நவம்பரில் ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தது. அவற்றை மறுபடியும் நட்டது தொழிலாளிகளின் கையும் அறிவுமேயல்லவா? கம்பத்துக்கு ஒரு நியாயம், பல்புக்கு ஒரு நியாயமா?

முடிவாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்கள் நாட்கணக்கில் கடலிலிருக்கும் ஊர் இது. மெயின் சுவிட்ச் எங்கே யிருக்கிறது, அதை எப்படி நிறுத்துவது என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொரு பெண்ணும், விவரமறிந்த ஒவ்வொரு பிள்ளையும் இன்றிரவே தெரிந்துகொள்ள வேண்டுமென்று கேட்டு, இத்துடன் முடித்துக்கொள்கின்றோம்.