ஒரு பிள்ளையை விமானம் ஏத்தறதுக்கு முன்னாடி

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், தொழில் பத்திப் பேச என்னைவிட நல்லாத் தெரிஞ்சவங்க இங்கே இருக்காங்க. நான் என் வேலையைப் பத்திப் பேசறேன். சட்டப்படி குழந்தைகளைத் தத்துக் கொடுக்கிற ஒரு மையத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கிற வேலை எனக்கு. அங்கிருந்து பெரும்பாலான பிள்ளைகள் நம்ம நாட்டுக் குடும்பங்களுக்குத்தான் போகுது. சில பிள்ளைகள் இத்தாலி, ஸ்பெயின், அமெரிக்கா மாதிரி நாடுகளுக்குப் போகுது. "வெளிநாட்டுக்காரங்க பிள்ளையை என்ன விலைக்கு வாங்குறாங்க?" என்று நம்ம குழுவிலேயே என்னைக் கேட்டிருக்காங்க. அங்கே யாரும் வாங்கவும் இல்லை, விக்கவும் இல்லை. என்ன நடக்குதுன்னு சொல்றேன், கேளுங்க.

முதல்ல, எந்தப் பிள்ளை வெளிநாடு போகுது? சட்டம் முதல் இடத்தை இந்தியக் குடும்பங்களுக்குத்தான் கொடுக்குது. இங்கே யாரும் எடுத்துக்காத பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் வெளிநாட்டுக் கதவு திறக்கும். இதயத்தில் ஓட்டை உள்ள பிள்ளை, காது கேக்காத பிள்ளை, ஆறு ஏழு வயசு ஆயிட்ட பிள்ளை, பிரிக்கக் கூடாத அண்ணன் தங்கச்சி, இப்படி. நாம "ஐயோ பாவம்" என்று சொல்லிட்டு நகர்ந்துடுற பிள்ளைக்காக ஒரு அம்மாவும் அப்பாவும் கடல் தாண்டி வர்றாங்க.

ஒரு காலத்தில் இதுல நிறைய முறைகேடு இருந்தது. லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதையே வழக்கா எடுத்து 1984-ல் நீதிமன்றம் விதிகள் போட்டது. அதுக்குப் பிறகு 1990-ல் 'காரா' என்ற மத்திய அரசு அமைப்பு வந்தது. நாடு விட்டு நாடு தத்து போறதுக்காக 1993-ல் ஹேக் நகரத்தில் ஒரு சர்வதேச உடன்படிக்கை உண்டாச்சு. 2003-ல் இந்தியாவும் அதை ஏத்துக்கிட்டது. இப்போ நடக்கிறது 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி.

அதனால பிள்ளை விமானம் ஏறுறதுக்கு முன்னாடி எத்தனை காகிதம் பாருங்க. இந்தப் பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாம்னு குழந்தைகள் நலக் குழு சொல்லணும். பிள்ளையைப் பத்தின அறிக்கை, மருத்துவ அறிக்கை தயார் ஆகணும். அந்த நாட்டில் பெத்தவங்க ஆகப் போறவங்க வீட்டை விசாரிச்சு எழுதின அறிக்கை வரணும். காராவோட தடையில்லாச் சான்று வேணும். மாவட்ட ஆட்சியர் தத்து ஆணை போடணும். முன்னாடி இதை நீதிமன்றம் கொடுத்தது, 2022-ல் இருந்து ஆட்சியர் கையில். பிறகு பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், எல்லாம் ஹேக் உடன்படிக்கைப்படி நடந்ததுன்னு ஒரு சான்று, கடைசியா விசா. பெத்தவங்க நேரில் வந்துதான் கூட்டிட்டுப் போகணும்.

காகிதம் ஒரு பக்கம் ஓடும்போது பிள்ளையைத் தயார் பண்றது எங்க வேலை. அந்தக் குடும்பம் ஒரு போட்டோ ஆல்பம் அனுப்பும். அம்மா, அப்பா, பாட்டி, வீடு, படுக்கை, அந்த வீட்டு நாய் எல்லாம் அதில் இருக்கும். தினமும் தூங்குறதுக்கு முன்னாடி புரட்டிக் காட்டுவோம். வெள்ளைத் தோலும் பூனைக் கண்ணும் பார்த்தறியாத பிள்ளை நேர்ல பார்த்ததும் மிரளக் கூடாதில்லையா? பிறகு போன்ல முகம் பார்த்துப் பேச வைப்போம். வெறுங்காலோட ஓடின பிள்ளைக்கு ஷூவும் சாக்ஸும் போட்டு நடக்கப் பழக்குவோம். நாற்காலிகளை வரிசையாப் போட்டு, துப்பட்டாவை இடுப்புல கட்டி, "விமானம் கிளம்புது" என்று விளையாடுவோம். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும், அப்போ ஏதாவது குடிக்கக் கொடுங்கன்னு பெத்தவங்களுக்குச் சொல்லி அனுப்புவோம்.

அவங்களுக்கும் பாடம் உண்டு. பால், சோறு, வலிக்குது, பயமா இருக்கு, மூச்சா வருது, தூக்கு. இந்த மாதிரி வார்த்தைகளை அவங்க எழுத்தில் எழுதிக் கொடுப்போம். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கும், இட்லியைப் பால்ல ஊறவெச்சுச் சாப்பிடுமா, அழுதா முதுகைத் தட்டணுமா, தலையை வருடணுமா, எல்லாம் எழுதுவோம். பிள்ளை படுத்துப் பழகின துணியைத் துவைக்காமலே கொடுத்தனுப்புவோம். புது வீட்ல முதல் ராத்திரி அந்த வாசனைதான் துணை. அவங்க வந்து தங்குற சில நாள்ல கொஞ்சம் கொஞ்சமா நாங்க விலகணும். முதல் நாள் நான் ஊட்டுவேன், அவங்க பக்கத்துல உக்காருவாங்க. அடுத்த நாள் அவங்க ஊட்டுவாங்க, நான் பக்கத்துல. அதுக்கு அடுத்த நாள் நான் வாசப்படியில.

ஒரு பையன். ஆறு வயசு தாண்டினவன். ரெண்டு இடம் மாறி எங்க மையத்துக்கு வந்தவன். ஆல்பம் பார்த்துட்டிருக்கும்போது ஒருநாள் கேட்டான்: "இந்த வீட்லயும் கொஞ்ச நாள்தானா ஆயாம்மா?" நான் சொன்னேன், "இல்ல சாமி, இது உன் வீடு. உன்னைத் திருப்பி அனுப்ப முடியாது. பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்டிருக்கார்."

நான் படிச்சது எட்டாவது. ஆனா அந்த வார்த்தையைத் தைரியமாச் சொல்ல முடிஞ்சது. அந்தக் கட்டுக் காகிதம் கொடுத்த தைரியம் அது. ஆணை வந்துட்டா அவன் அந்த வீட்ல பெத்த பிள்ளைக்குச் சமம். பேர், சொத்து, உரிமை எல்லாம் உண்டு. போன பிறகும் முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டாவது வருஷம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பிள்ளை எப்படி இருக்குன்னு அறிக்கை வந்தாகணும்.

இப்போ நம்ம ஊருக்கு வர்றேன். கல்யாணம் ஆகாத ஒரு பொண்ணு, புருஷன் விட்டுட்டுப் போன ஒரு பொண்ணு, வளர்க்க வழியில்லாத ஒரு தாய். இவங்க கதை எல்லாருக்கும் முன்னாடி நமக்குத்தான் காதுல விழும். "எனக்குத் தெரிஞ்ச பிள்ளையில்லாத குடும்பம் இருக்கு, ராத்திரியோட ராத்திரியாக் கொடுத்துடலாம், செலவுக்கும் ஏதாவது கொடுப்பாங்க" என்று சொல்ல ஒரு ஆள் வருவார். நல்ல எண்ணத்தில்கூட சிலர் சொல்வாங்க. அப்படிக் கைமாறின பிள்ளைக்கு எந்தக் காகிதமும் இல்லை. நாளைக்கு அந்த வீட்ல சொந்தப் பிள்ளை பிறந்தா? பங்காளிங்க சொத்துல பங்கு இல்லைன்னா? நோய் வந்து வேண்டாம்னு விட்டுட்டா? கேக்க யார் இருக்கா?

பத்து ரூபாய் சந்தாவைக்கூட நாம பேரேட்ல எழுதாம வாங்க மாட்டோம். தீர்மானப் புத்தகத்துல கையெழுத்து இல்லாம ஒரு கடனும் கொடுக்க மாட்டோம். காசுக்கு இத்தனை கணக்கு வெச்சிருக்கிற நாம, ஒரு உயிரைக் கணக்கில்லாமக் கைமாத்த விடலாமா?

சட்டப்படி பிள்ளையை ஒப்படைக்கிறது குற்றம் இல்லை. இதை நாலு பேருக்குச் சொல்லுங்க. குழந்தைகள் நலக் குழு முன்னாடி அந்தத் தாய்க்கு ஆலோசனை சொல்வாங்க. அதுக்கப்புறமும் முடிவு மாறலைன்னா கையெழுத்து வாங்குவாங்க. கையெழுத்துப் போட்ட பிறகும் 60 நாள் அவகாசம் உண்டு. அதுக்குள்ள மனசு மாறினா பிள்ளையைத் திரும்பக் கேக்கலாம். அவ பேர் ரகசியமா இருக்கும். நம்ம மாநிலத்தில் 1992-ல் சேலத்தில் ஆரம்பிச்ச தொட்டில் குழந்தைத் திட்டமும் இருக்கு. ஆனா சட்ட வழி இல்லாமப் பிள்ளையைக் கொடுத்தாலும் வாங்கினாலும் மூணு வருஷம் வரை ஜெயில், இல்லைன்னா ஒரு லட்சம் அபராதம், இல்லைன்னா ரெண்டுமே. வித்தாலும் விலைக்கு வாங்கினாலும் அஞ்சு வருஷம் வரை.

இன்னொண்ணும் உண்டு. தத்துப் போன பிள்ளை 18 வயசுக்கு மேல தன் வேரைத் தேடி அரசு வழியாக் கேக்கலாம். வெளிநாட்டுல வளர்ந்த பிள்ளைங்க, நம்ம மொழி தெரியாட்டியும், கையில ஒரு கோப்போட இந்த மண்ணைத் தேடி வர்றாங்க. பெத்தவ சம்மதம் இல்லாம அவ பேரைச் சொல்ல மாட்டாங்க. ஆனா எந்த ஊர், எந்தத் தேதி, எப்படி வந்தோம் என்ற அளவுக்காவது தெரிஞ்சுக்க வழி இருக்கு. கைமாறிப் போன பிள்ளைக்கு அந்த ஒரு வரிகூட மிஞ்சாது.

அதனால நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தோட முதல் பக்கத்தில் 1098 என்று பெரிசா எழுதுங்க. குழந்தைகளுக்கான உதவி எண், காசில்லாத எண். அப்படி ஒரு பொண்ணு நம்மகிட்ட வந்தா, ஏசாதீங்க, காரணம் கிளறாதீங்க. ஒரு டம்ளர் தண்ணி கொடுத்துட்டு அந்த நம்பரைப் போடுங்க. அவகூட ஒருத்தர் போங்க. தாய்க்கும் பிள்ளைக்கும் அது போதும்.