இலக்கியம் காட்டும் அன்பின் ஆற்றல்

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அன்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் சிலருக்குச் சினிமாப் பாட்டு நினைவுக்கு வரும். கதாநாயகனும் கதாநாயகியும் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். நான் பேச வந்தது அந்த ஓட்டத்தைப் பற்றி அல்ல. பயப்படாதீர்கள்! (சிரிப்பு)

இன்னும் சிலருக்கு அன்பு என்றால் பெற்ற தாயின் முகம் நினைவுக்கு வரும். அது சரிதான். ஆனாலும் பாருங்கள், தாய்ப் பாசம் மாட்டுக்கும் இருக்கிறது. ஒரு கோழிகூடத் தன் குஞ்சைத் தூக்க வரும் பருந்தின் மேல் சீறிப் பாய்கிறது. அது இயற்கை கொடுத்த பாசம். நம்முடைய புலவர்கள் வியந்து வியந்து பாடிய அன்பு அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இரத்த சம்பந்தமே இல்லாத ஒருவரைப் பார்த்து, "நீ என் சொந்தம்" என்று சேர்த்துக்கொள்ளும் அன்பு அது. உறவு இல்லாத இடத்தில் உறவை உண்டாக்குவதே அன்பின் பெரிய ஆற்றல். இந்த ஒரு கருத்தை மட்டும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் வள்ளுவர் வீட்டு வாசலுக்குப் போவோம். திருக்குறளில் 133 அதிகாரங்கள் இருப்பது இங்கே இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவற்றில் எட்டாவது அதிகாரம் அன்புடைமை. அதற்கு முன்னால் இருப்பது மக்கட்பேறு. பின்னால் இருப்பது விருந்தோம்பல். இந்த வரிசையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஏழாவது அதிகாரத்தில் வீட்டுக்குள்ளே குழந்தை மழலை பேசுகிறது. ஒன்பதாவது அதிகாரத்தில் வாசலிலே விருந்தினர் வந்து நிற்கிறார். இரண்டுக்கும் நடுவில் அன்பு இருக்கிறது. பெற்ற பிள்ளையிடம் பிறக்கிற அன்பு, வாசலைத் தாண்டி வேற்று மனிதரிடம் போய்ச் சேர வேண்டும். வீட்டோடு நின்றுவிட்டால் அது பாதி வழியிலே நின்ற அன்பு. குறளின் வரிசையே நமக்கு ஒரு பாடம் நடத்துகிறது.

அடுத்து, சங்க இலக்கியமான குறுந்தொகைக்கு வருவோம். அதிலே நாற்பதாவது பாட்டு உலகப் புகழ் பெற்றது. தலைவன் தலைவியிடம் பேசுகிறான். உன் தாயும் என் தாயும் ஒருவருக்கு ஒருவர் யார்? உன் தகப்பனும் என் தகப்பனும் எந்த வழியில் உறவு? நீயும் நானும் முன்பு எப்படி அறிந்தோம்? ஒன்றுமே இல்லை. ஆனாலும் நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்கிறான். எப்படிக் கலந்தன என்பதற்குச் செம்மண்ணில் பெய்த மழையை உவமை காட்டுகிறான். இந்தப் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் என்னவென்று உலகத்துக்குத் தெரியாது. அந்த உவமையே பெயராகி, செம்புலப்பெயனீரார் என்று நிலைத்துவிட்டது.

தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதே இல்லை. மழை கொட்டும் நாளில் செம்மண் சடக்கைப் பார்த்தவர்கள் நீங்கள். ஓடுகிற தண்ணீரை ஒரு கோப்பையில் பிடித்து, "இதிலே மண் எது, மழை எது?" என்று கேட்டால் யாரால் பிரிக்க முடியும்? வானத்தில் இருந்த மழைக்கும் தரையில் கிடந்த மண்ணுக்கும் முன்னே என்ன உறவு? கலந்த பிறகு அதற்கு ஒரே நிறம். அதுதான் அன்பு செய்கிற வேலை.

இது அகப்பாட்டு. புறநானூற்றில் நட்பின் கதை ஒன்று இருக்கிறது. பறம்பு மலைத் தலைவன் பாரி, முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த கதையை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதற்குப் பிறகு நடந்த கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. மூவேந்தரும் சேர்ந்து வந்து பறம்பை முற்றுகையிட்டார்கள். பாரி மாண்டான். அவனுடைய பெண்மக்கள் இருவர் அநாதைகளாக நின்றார்கள். போன மாதத்து நிலவு நாளில் தகப்பனும் இருந்தான், மலையும் இருந்தது. இந்த மாதத்து நிலவு நாளில் இரண்டுமே இல்லை என்று அவர்கள் பாடிய பாட்டும் புறநானூற்றிலே இருக்கிறது.

அப்போது அந்தப் பெண்களின் கையைப் பிடித்தவர் கபிலர். அவர் அந்தணர், பாரியோ வேளிர் குலத் தலைவன். குலத்தால் உறவு இல்லை. பாடிப் பரிசு பெற்ற புலவர், கொடுத்தவன் இறந்ததும் வேறு அரசனைத் தேடிப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கபிலர் போகவில்லை. அந்த இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். விச்சிக்கோ என்ற தலைவனிடம் போய், இவர்களை மணந்துகொள் என்று கேட்டார். பிறகு இருங்கோவேளிடம் போய்க் கேட்டார். இருங்கோவேளிடம் அவர் பேசிய முறையைக் கவனியுங்கள். இவர்கள் பாரியின் மக்கள் என்கிறார். நான் இவர்கள் தந்தையின் தோழன் என்கிறார். அடுத்த மூச்சிலேயே இவர்கள் என் மக்கள் என்று சொல்லிவிடுகிறார்! தோழனின் பிள்ளைகள் தன் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்.

இருங்கோவேள் மறுத்துவிட்டான். கபிலருக்கு அவமானம்தான் கிடைத்தது. நாட்டுக்கே பெரிய புலவர் அவர். தமக்காக அல்ல, இன்னொருவர் பெற்ற பெண்களுக்காக வாசல் வாசலாக நின்றார். தேர் கொடுத்த பாரியின் கொடை பெரிது. மானத்தையும் பார்க்காமல் நடந்த கபிலரின் அன்பு அதற்குச் சற்றும் குறைந்ததில்லை.

இனிக் கம்பரிடம் வருவோம். இராமன் காட்டுக்குப் போகும் வழியில் கங்கைக் கரையில் குகனைக் காண்கிறான். குகன் ஓடம் விடுகிற வேடன். அவன் அன்போடு கொண்டுவந்தது தேனும் மீனும். அருகில் முனிவர்கள் இருக்கிறார்கள். மீனைக் கண்டு யார் முகம் சுளிப்பார்களோ என்று நமக்குப் படபடப்பாக இருக்கிறது. இராமனோ புன்முறுவலோடு, அன்பினால் வந்த பொருள் எதுவானாலும் தூய்மையானது, இதை நாம் உண்டது போலவே ஆயிற்று என்ற பொருளில் பேசுகிறான். கொண்டுவந்த பொருளை அவன் பார்க்கவில்லை, கொண்டுவந்த மனத்தைப் பார்த்தான். பிறகு அந்த வேடனைத் தன் உடன்பிறப்பாகவே ஏற்றுக்கொள்கிறான்.

அதோடு கம்பர் விடவில்லை. பின்னால் பரதன் அண்ணனைத் தேடி வருகிறான். தாய்மார்களும் கூட வருகிறார்கள். கோசலையிடம் குகனை அறிமுகப்படுத்துகிறான் பரதன். அந்தத் தாய் என்ன சொன்னாள்? நீங்கள் ஐந்து பேரும் ஒருவராக நின்று இந்த நாட்டை நெடுங்காலம் காத்து வாருங்கள் என்று வாழ்த்தினாள். நான்கு பிள்ளைகள் இருந்த வீட்டில் ஐந்தாவது பிள்ளையாக ஒரு வேடன் சேர்ந்துவிட்டான்! அண்ணன் தம்பி என்று சொல்வது எளிது. பெற்றவள் வாயால் "என் பிள்ளை" என்ற இடம் கிடைப்பதுதான் பெரிது. பிறகு சுக்கிரீவன் வந்தபோது ஆறு, வீடணன் வந்தபோது ஏழு என்று அந்தக் கணக்கு வளர்ந்துகொண்டே போனது. வாழ்வாய்ப்பாடு இதுதான், பிள்ளைகளே! பணத்தைப் பங்கு போட்டால் குறையும். அன்பைப் பங்கு போட்டால் குடும்பம் பெருகும்.

கடைசியாக மணிமேகலைக் காப்பியத்தில் வருகிற ஆபுத்திரன். பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்ட குழந்தை அவன். ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காப்பாற்றியதால் ஆபுத்திரன் என்று பெயர். வளர்ந்தபின் மதுரைக்கு வந்தான். பிச்சை எடுத்தான். எடுத்த பிச்சையைக் கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடியாதவர், ஆதரவற்றவர், நோயாளிகள் எல்லாரையும் கூப்பிட்டு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தான் சாப்பிட்டான். ஓட்டையே தலையணையாக வைத்துத் தூங்கினான். மழை கொட்டிய ஒரு நள்ளிரவில் பசியோடு சிலர் வந்து எழுப்பினார்கள். கொடுக்க ஒன்றும் இல்லை. அவன் துடித்த துடிப்பைக் கண்டு சிந்தாதேவி தந்ததுதான் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி.

பிறகு நாட்டில் மழை பெய்து வளம் பெருகியது. பசி என்று வருபவர் யாரும் இல்லை. வேறொருவராக இருந்தால் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். ஆபுத்திரன் வருந்தினான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னதும் அங்கே போகக் கப்பல் ஏறினான். சாவகம் என்பது இன்றைய ஜாவாப் பக்கம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நம்முடைய அண்டைக் கடல்தான் அது! வழியில் மணிபல்லவத் தீவில் கப்பல் நின்றது. அவன் இறங்கியது தெரியாமல் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவு. கையிலே அமுதசுரபி. அவன் ஒருவன் சாப்பிட எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் பல உயிர்களைக் காக்க வந்த பாத்திரத்தைத் தன் ஒருவனுக்காக வைத்துக்கொள்ள அவனுக்கு மனம் ஒப்பவில்லை. அதைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டுப் பட்டினி கிடந்து உயிர்விட்டான் என்கிறது காப்பியம். பின்னாளில் அந்தப் பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்து, பசித்தவர் வயிற்றை எல்லாம் நிறைத்தது.

தாய் கைவிட்ட பிள்ளை ஊருக்கே தாயாகிவிட்டான். "எனக்கு யாரும் செய்யவில்லை, நான் ஏன் செய்ய வேண்டும்?" என்று அவன் கேட்கவில்லை. தனக்குக் கிடைக்காததை மற்றவர்களுக்குக் கொடுத்தான்.

பெரியோர்களே, இந்தக் கதைகள் எல்லாம் ஏட்டிலே மட்டும் இருப்பவை என்று நினைக்காதீர்கள். நம் பாட்டன் பாட்டிமார் ரஜூலா போன்ற கப்பல்களில் இந்த நாட்டுக்கு வந்தபோது, பலருக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. வேறு வேறு ஊர்க்காரர்கள் ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவில் குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சித்தப்பா ஆனார், எதிர்வீட்டு அம்மா பெரியம்மா ஆனார். தாய் விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடும்போது, அவள் குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொண்டாள். செம்மண்ணில் மழை கலந்த கதைதான் அது. அவர்கள் குறுந்தொகை படித்தவர்கள் இல்லை. ஆனால் குறுந்தொகையை வாழ்ந்து காட்டினார்கள்.

இன்று நிலைமை மாறிவிட்டது. பல தோட்டங்கள் விற்கப்பட்டுவிட்டன. குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டன. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்றே தெரியவில்லை என்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை என்றாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. படிப்பை விட்டுப்போகிற பிள்ளை ஒரே நாளில் போவதில்லை. யாரும் கேட்காத நாள்கள் சேர்ந்து சேர்ந்துதான் அவன் போய்விடுகிறான். ஒரு பிள்ளை போனால் ஒரு குடும்பத்தின் விளக்கு மங்குகிறது. இதைத்தான் நாம் கவலையோடு பார்க்க வேண்டும்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அதனால் உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டி வரும்போது, வரத் துணையில்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டி வாருங்கள். உங்கள் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கபிலர் ஊர் ஊராக நடந்தார். நமக்கு நாலு வீடு நடந்தால் போதும்.

இரண்டாவது வேண்டுகோளும் பெற்றோருக்கே. தகடூர் அதியமான், நீண்ட ஆயுள் தரும் அரிய நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தான். அதன் பயனை முதலில் வாய் திறந்து சொல்லவே இல்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டாததுதான் அவன் பெருமை. நாமோ, "உனக்காக எவ்வளவு கஷ்டப்படுறேன் தெரியுமா? ஏன் மார்க்கு குறைஞ்சுது?" என்று தினம் தினம் கேட்கிறோம். கஷ்டப்படுவது உண்மைதான். பிள்ளைக்கும் அது தெரியும். இன்று வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிற பிள்ளையிடம் அந்தக் கேள்வி வேண்டாம். "சாப்பிட்டியா அய்யா? வா, சேர்ந்து சாப்பிடலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். நாளைக்கு அவன் புத்தகத்தை எடுப்பான்.

மூன்றாவது வேண்டுகோள் மாணவச் செல்வங்களுக்கு. பரிசு வாங்கிய பிள்ளைகளே, உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். உங்கள் அறிவு உங்களுக்குக் கிடைத்த அமுதசுரபி. அதைத் தனியாக வைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள். வகுப்பில் பின்தங்கிய ஒரே ஒரு நண்பனுக்கு இந்த ஆண்டு முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கொடுங்கள். அமுதசுரபி அள்ளக் குறையாது, கல்வியும் அப்படித்தான். அடுத்த ஆண்டு இந்த மேடையில் நீங்கள் மறுபடி ஏறும்போது, அந்த நண்பனும் உங்கள் பின்னால் ஏறி வர வேண்டும். அதைவிடப் பெரிய பரிசு இந்தப் பள்ளிக்கு வேறு எதுவும் இல்லை.



வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி! வணக்கம்.