இலைக்கு உரிமம், பூவுக்குச் சிறை
(தருமபுரியில் மாணவர்களிடையே பேசியது)

கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமான்னு கேட்டா, ஊர்த்தெருவுல உடனே பதில் வரும்: "சேரிப் பசங்க கெட்டுருவானுங்க." கை எப்பவும் நம்ம பக்கம்தான் நீளுது.

1985ஆம் ஆண்டுச் சட்டம் பூவையும் பிசினையும்தான் தடுக்குது. தனி இலையைத் தடுக்கல. அதனால உத்தரப்பிரதேசத்துல பாங்குக் கடைக்கு அரசே உரிமம் தருது. சிவராத்திரிக்குக் குடிச்சா பக்தி. நம்ம பையன்கிட்ட ஒரு பொட்டலம் பூ இருந்தா ஓராண்டு வரை சிறை. 2003லருந்து டாஸ்மாக்ல சில்லறையா மது விக்கிற அரசு ஒழுக்கம் பேசுது!

கஞ்சா நல்லதுன்னு சொல்ல வரல. கூலிக்காசு புகையாப் போறதுல யாருக்கு லாபம்? ஆனா தடையைக் காக்க வர்ற கை எப்படிப்பட்டதுன்னு நமக்குத் தெரியும். இதே மாவட்டம், வாச்சாத்தி, 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுறோம்னு வனத்துறையும் போலீசும் வந்தாங்க. பழங்குடிப் பெண்கள் 18 பேரைப் பாலியல் வன்கொடுமை செஞ்சாங்க. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள்னு தீர்ப்பு வர 2011 ஆச்சு.

பட்டணத்துல சட்டமாக்கச் சொல்றவங்க கடை திறக்கிறதைத்தான் பேசுறாங்க. கனடா 2018ல அனுமதிச்சது; பழைய வழக்குல மாட்டினவங்களுக்கு மன்னிப்புச் சட்டம் 2019லதான் வந்துச்சு. நாம வழக்குலருந்து ஆரம்பிப்போம். பொட்டலத்துக்கு உள்ளே போன பசங்க யார் யாருன்னு சேரி சேரியாக் கணக்கெடுக்கணும். முதல்ல அரூர்.