தொட்டி நீரில் குளோரின்: அளப்பதும் அறிவதும்

(குறுவளமையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய தேதியைச் சுவரில் எழுதுகிறோம். பிளீச்சிங் பவுடர் போட்டதைப் பதிவேட்டில் குறிக்கிறோம். ஆனால் பிள்ளைகள் வாய் வைக்கும் குழாய் வரை குளோரின் வந்து சேர்ந்ததா என்பதை இந்த இரண்டு பதிவுகளும் சொல்வதில்லை. குழாய் நீரைச் சோதித்தால்தான் தெரியும்.

முதலில் ஒரு கணக்கு. 1000 லிட்டர் நீரில் 4 கிராம் பவுடர் கலப்பதாகக் கொள்வோம். நல்ல புதிய பவுடரில் ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் கிடைக்கும். அப்படியானால் லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். பையைத் திறந்தபடி வைத்து, அது 15 விழுக்காடாகக் குறைந்திருந்தால், அதே 4 கிராம் 0.6 மில்லிகிராம்தான் தரும். அதிலும் ஒரு பங்கைப் பாசியும் கசடும் எடுத்துக்கொள்ளும். மீதி நிற்பதே எஞ்சிய குளோரின். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, இது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது.

இனிச் சோதனை. பவுடர் கலந்து அரை மணி நேரமாவது கழியட்டும். தொட்டிக்கு மிகத் தொலைவிலுள்ள குழாயைத் திறந்து, தேங்கிய நீர் வெளியேறிய பின் மாதிரி எடுங்கள். டி.பி.டி. மாத்திரையைக் கரைத்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து, உடனே வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். தாமதித்தால் நிறம் கூடிப் பொய்யளவு காட்டக்கூடும். மாத்திரையை ஆசிரியரே கையாள வேண்டும். சோதித்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

நிறம் வரவில்லை என்றால்? குளோரின் இல்லாமல் இருக்கலாம். அளவுக்கு மீறி இருந்தாலும் வந்த நிறம் வெளுத்துப் போகும். ஆகவே உடனே இன்னும் பவுடர் கொட்டிவிடாதீர்கள். ஒரு பங்கு மாதிரியுடன் ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மீண்டும் சோதியுங்கள். இப்போது நிறம் தோன்றினால், காட்டும் அளவைப் பத்தால் பெருக்குங்கள்.

தொட்டியருகே நிறம் வந்து, கடைசிக் குழாயில் வராவிட்டால், இடையிலுள்ள குழாயில் கசிவோ அழுக்கோ இருக்கலாம். அங்கே பார்க்க வேண்டும்.

வாடையை நம்பலாமா? நீச்சல் குளத்தில் நெடி அடித்தால் குளோரின் அதிகம் என்கிறோம். உண்மையில், வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களே பெரும்பாலும் அந்த நெடிக்குக் காரணம். அவற்றுக்குக் கிருமி கொல்லும் திறன் குறைவு. பறவை எச்சம் விழும் மூடியில்லாத் தொட்டியிலும் இது நேரலாம். மொத்தக் குளோரினையும் சோதித்து, அதிலிருந்து தனிக் குளோரினைக் கழித்தால் இந்தச் சேர்ந்த குளோரின் அளவு கிடைக்கும்.

பி.எச். மதிப்பையும் உடன் குறியுங்கள். கிருமியை விரைந்து கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம், பி.எச். 7.5இல் ஏறத்தாழப் பாதி இருக்கும், 8.5இல் பத்தில் ஒரு பங்கே இருக்கும். எண் ஒன்றே ஆனாலும் வேலை ஒன்றாக இராது.

ஒன்றை மறக்கக் கூடாது. குளோரின் சரியாக இருப்பதால் புளோரைடும் நைட்ரேட்டும் சரி என்று ஆகிவிடாது. அவற்றுக்கு ஆய்வகச் சோதனை தேவை.

இது வகுப்பறைக்கும் நல்ல பாடம். தேதி, நேரம், குழாய், பி.எச்., குளோரின் என ஐந்து கட்டங்கள் வரைந்து வாராவாரம் மாணவர்களே நிரப்பட்டும். விழுக்காடும் வரைபடமும் அதிலேயே வந்துவிடும். மழை பெய்த மறுநாளும், நீண்ட விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும் நாளும் கட்டாயம் சோதியுங்கள். அளவு 0.2க்குக் கீழே இருந்தால் அந்தக் குழாயில் குடிப்பதை நிறுத்தி, தலைமையாசிரியர் வழியாக உள்ளாட்சிக்கு அன்றே தெரிவியுங்கள். மறுசோதனையில் அளவு சரியான பிறகு குழாயைத் திறந்துவிடலாம்.