கரி இஞ்சின் கற்றுக் கொடுத்த பாடம்

(சித்தூர்க் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"ரயிலைப் பத்தி ஏதாவது பேசுங்கோ மாமா" என்று நம் கிளைச் செயலாளர் கேட்டுக்கொண்டார். இஞ்சினிலேயே காலம் தள்ளியவனுக்கு வேறு என்ன தெரியும்? ஒப்புக்கொண்டேன்.

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி போகும் பாதை அந்த நாளில் மீட்டர் கேஜ். 1890களின் தொடக்கத்தில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்டது. பாகாலாவில் தர்மாவரம் பாதை பிரியும். 1977-ல் குண்டக்கல் டிவிஷன் தென் மத்திய ரயில்வேயில் சேர்ந்தது.

நான் ஃபயர்மேன் அப்ரண்டிஸாகச் சேர்ந்தது 1971-ல். "ஹோமம் பண்ற வம்சம், போயும் போயும் கரி அள்ளணுமா?" என்று பாட்டி அழுதாள். "அதுவும் அக்னி காரியம்தாம்மா" என்று அப்பா சமாதானம் சொன்னார். நான் சேர்ந்த மறு வருஷமே, 1972-ல், சித்தரஞ்சன் தொழிற்சாலை நீராவி இஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது. அதாவது, முடியப்போகிற ஒரு வித்தையைக் கற்க நான் போயிருக்கிறேன். அப்போது அது எனக்குத் தெரியாது.

எங்களுக்கு ஒய்.பி., ஒய்.ஜி. என்று இரண்டு வகை இஞ்சின்கள். ஒய்.பி. பாசஞ்சருக்கு, ஒய்.ஜி. கூட்ஸுக்கு. பாய்லரில் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தம். குளிர்ந்து கிடக்கும் இஞ்சினில் நெருப்பு மூட்டி ஆவி ஏற்றவே பல மணி நேரம் ஆகும். நம் ராயலசீமைப் பக்கத்துத் தண்ணீரோ உப்புத் தண்ணீர். குழாய்களில் காரை படியும்; அடிக்கடி பாய்லரைக் கழுவ வேண்டும். இவ்வளவு செய்தும், கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. டீசலில் கால் பங்குக்கு மேல் கிடைக்கும். சாவியைத் திருகினால் கிளம்பும், வழியில் தண்ணீருக்கு நிற்காது. ஆகவே நீராவி போனது நியாயம்தான். அதில் எனக்கு வருத்தமில்லை.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் ஒரு டிரைவர். எல்லோரும் "பாய்" என்போம். அவர் என்னைச் "சாமி" என்பார். பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை விட்டுக் கண் நகர்ந்தால் தோளில் தட்டுவார். தண்ணீர் குறைந்து நெருப்புப் பெட்டியின் மேல்தகடு வெளியே தெரிந்தால், அங்குள்ள ஈய அடைப்பு உருகிவிடும். ஆவி நெருப்பின் மேல் பீறிடும். வண்டி நடுவழியில் நின்றுவிடும். ஒரு ராத்திரி சந்திரகிரி தாண்டி நான் அசந்து போனேன். அவர்தான் பாய்ந்து இஞ்செக்டரைத் திறந்து காப்பாற்றினார். காலையில் ஷெட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எண்பதுகளில் எங்களைத் தொகுதி தொகுதியாக டீசல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடப் புத்தகம், மின்சுற்றுப் படம், பரீட்சை எல்லாம் இங்கிலீஷில். பாய் என்னிடம் வந்தார். "சாமி, சாயங்காலத்தில ஒரு மணி நேரம் உக்காந்து சொல்லிக் குடு. கையால காட்டினா புரிஞ்சுக்குவேன், படிக்கத்தான் வராது" என்றார்.

"எனக்கே பரீட்சை இருக்கு பாய், அது முடியட்டும்" என்றேன்.

எனக்கு முடிந்தது, தேறினேன். அதற்குள் அவருடைய முறை வந்து, எழுத்துப் பரீட்சையில் தவறிவிட்டார். ஓய்வு பெறும் வரை ஷெட்டுக்குள் பெட்டிகளைத் தள்ளும் நீராவி இஞ்சினில்தான் இருந்தார். லைனுக்குப் போகாததால் மைலேஜ் படியும் போயிற்று. அவருக்கு மூன்று பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். என்னை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

1995-ல் அகலப்பாதையில் நீராவி ஓய்ந்தது. சில வருஷங்களில் மீட்டர் கேஜிலும் ஓய்ந்தது. நம் திருப்பதி பாதையும் அகலமாகி, இன்று மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சார வண்டி ஒன்றும் புதிதல்ல. சென்னையில் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே ஓடியது. காரியம் மெதுவாகத்தான் வருகிறது. நம் ஊருக்கு வரும்போது, நேற்று வரை கெட்டிக்காரனாக இருந்தவன் ஒரே நாளில் ஒன்றும் தெரியாதவனாகி விடுகிறான்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? இப்போது அந்த நிலையில் இருப்பது நம்மில் பலர். பென்ஷன்தாரர்கள் நவம்பரில் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழை 2014 முதல் டிஜிட்டலிலும் கொடுக்கலாம். டிக்கெட்டும் ஏழுமலையான் தரிசன முன்பதிவும் போனிலேயே ஆகின்றன. "நாளைக்குச் சொல்லித் தரேன் தாத்தா" என்று பேரன் சொல்கிறான். அன்று நானும் அதையேதான் சொன்னேன்.

ஆகவே ஒரு விண்ணப்பம். நவம்பர் பிறக்கும் முன் நம் கிளை இளைஞர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒதுக்கிப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். போனை அவர்கள் கையிலிருந்து வாங்கி நீங்களே முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் விரலாலேயே செய்ய விடுங்கள். நம் மனுஷாளோடு நிற்காமல், பக்கத்து வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள்.

முதல் ஞாயிறு நானும் வருகிறேன், கற்றுக்கொள்ள.