வயிற்றுப் புளிப்பும் இராத்திரி இருமலும்



வயிற்றைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வயிற்றெரிச்சல் இல்லாதவர்கள் இந்நாட்டில் யார் என்றும் கேட்கலாம். ஆனால் நாம் இன்று சொல்ல வந்தது, வயிற்றிலுள்ள புளிப்பு மேலே ஏறிச் சுவாசப்பையைக் கெடுக்கின்ற சங்கதியாகும்.

ஒரு மனிதன் இராத்திரி படுத்த இரண்டு நாழிகைக்கெல்லாம் இருமிக்கொண்டு எழுந்து உட்காருகிறான். மார்பை யாரோ அமுக்குவது போலிருக்கிறது, மூச்சு முட்டுகிறது. பகலிலோ ஆள் நன்றாயிருக்கிறான். இதைக் கண்ட வீட்டார் என்ன செய்கிறார்கள்? சிலர் பேய் அமுக்கிற்று என்று தாயத்துக் கட்டுகிறார்கள். வேறு சிலர் க்ஷயம் என்று தாங்களே தீர்ப்புச் சொல்லி, தனித் தட்டு, தனி டம்ளர், தனித் திண்ணை என்று அவனை ஒதுக்கி விடுகிறார்கள். சளியைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்போமே என்று மாத்திரம் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. நிற்க.

வயிற்றில் ஜடராக்கினி எரிகிறது என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். 1822-ல் அமெரிக்காவில் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளிக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு, வயிற்றில் ஆறாத துவாரமொன்று நின்று விட்டது. டாக்டர் வில்லியம் போமான்ட் என்பவர் அதன் வழியே இரைப்பையைப் பல வருஷம் பார்த்தார். தர்மாமீட்டரை உள்ளே விட்டார். சுமார் 100 டிகிரி சூடுதான் இருந்தது. உள்ளிருந்த நீரை எடுத்துக் குப்பியில் விட்டு இறைச்சியைப் போட்டார், இறைச்சி கரைந்தது. 1833-ல் புஸ்தகமாக வெளியிட்டார். ஆகவே வயிற்றிலிருப்பது அக்கினியல்ல, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கலந்த நீர்.

இந்த ஆசிட்டைத் தாங்க இரைப்பைக்குள் வழுவழுப்பான பூச்சு இருக்கிறது. சுவாசப்பைக்கு அப்படியொன்றுமில்லை. உணவுக்குழலின் அடியில் சுருக்குப்பை வாய் போன்ற ஒரு தசைவளையம் காவலிருக்கிறது. தொந்தி பெருத்தாலும், மூக்குப் பிடிக்கத் தின்றாலும், பீடி, மது முதலியவற்றாலும், கர்ப்ப காலத்திலும் அது தளர்ந்துவிடக்கூடும். அப்போது படுத்தால் புளிநீர் எதுக்களித்துத் தொண்டைவரை வருகிறது. பக்கத்திலேயே மூச்சுக்குழலின் வாய்! தூக்கத்தில் விழுங்குவதும் குறைவு, இருமித் தள்ளுவதும் குறைவு. துளித்துளியாய் உள்ளே இறங்கினால் தொண்டை கட்டும், இருமல் வரும், சில சமயம் நிமோனியாவே வரும்.

ஒரு துளிகூட இறங்காமலும் மூச்சு இழுக்கலாம். கருவில் உணவுக்குழலும் மூச்சுக்குழலும் ஒரே குழாயிலிருந்து பிரிந்தவை. இரண்டுக்கும் ஒரே நரம்பு ஓடுகிறது. கீழே எரிந்தால் மேலே குழல்கள் இறுகும். வயிறு நிறையத் தின்றபின் ஆஸ்துமா கிளம்புவதை 1892-லேயே டாக்டர் வில்லியம் ஆஸ்லர் தம் வைத்திய நூலில் எழுதியிருக்கிறார்.

இது உயிர் போகிற சங்கதி என்பதற்கு ஒன்று சொல்லுவோம். நியூயார்க்கில் டாக்டர் கர்ட்டிஸ் மெண்டல்சன் 44,016 பிரசவங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். மயக்கமருந்து கொடுத்த நேரத்தில் வயிற்றிலுள்ளது சுவாசப்பைக்குள் போனவர்கள் 66 பேர். 1946-ல் அதை வெளியிட்டார். ஆப்பரேஷனுக்கு முன் பட்டினி போடுவது இதற்காகத்தான். டாக்டருக்கு இரக்கமில்லை என்று திட்டிவிட்டு, பிள்ளை பசியாயிருக்கிறதே என்று நர்சுக்குத் தெரியாமல் ஊட்டுகிற பாட்டிமார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் ஆஸ்துமாவெல்லாம் வயிற்றால் வந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில், சரியாகக் கட்டுப்படாத ஆஸ்துமாவுள்ள, ஆனால் நெஞ்செரிச்சல் தொந்தரவு அதிகமில்லாத 412 பேரில் ஒரு பாதிக்கு ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரையும், மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்துமாவில் யாதொரு வித்தியாசமும் இல்லை என்று 2009-ல் அச்சிட்டே வெளியிட்டு விட்டார்கள். தன் தாயத்து பலிக்கவில்லை என்று அச்சுப் போட்ட மந்திரவாதியை யாராவது கண்டதுண்டா?

ஆதலால் இருமல் இரண்டு வாரம் நீடித்தால் முதலில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளிச் சோதனை செய்துகொள்ளுங்கள். க்ஷயமாயிருந்தால் அதற்கும் மருந்துண்டு, திண்ணை வேண்டியதில்லை. அது இல்லையென்று தெரிந்து, புளியேப்பமும் நெஞ்செரிச்சலும் இருக்குமானால், படுக்க மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடியுங்கள். பகலெல்லாம் விரதமிருந்து நடுநிசியில் வடை பாயசத்தோடு படுக்கையில் விழுவது பக்திக்கு எப்படியோ, இரைப்பைக்கு ஆகாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் கொடுத்து அரையடி உயர்த்துங்கள். தலையணையை மாத்திரம் அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் பிதுக்கும். இடதுபுறம் ஒருக்களித்துப் படுங்கள். பீடியை விடுங்கள்.

விழுங்க முடியாமல் அடைத்தாலும், உடம்பு காரணமின்றி இளைத்தாலும், இரத்த வாந்தியோ கருநிற மலமோ கண்டாலும் ஒருநாளும் தாமதிக்கலாகாது. வேர்த்துக் கொட்டி மார்பு வலித்தால் அதை வாயு என்று பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துக் கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது இருதயமாயிருக்கலாம். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்தை, வயிற்று மாத்திரை கிடைத்துவிட்டதென்று டாக்டரைக் கேளாமல் நிறுத்திவிடாதீர்கள்.